சரியாக இருந்த கையெழுத்து

நான் ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டி முடித்ததும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "சார், உங்க சர்வீஸ்ல நிறைய போலிக் கையெழுத்து புடிச்சிருப்பீங்களே, ரொம்ப பயந்தது எதுக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். போலி எதற்கும் பயந்ததில்லை, ஒரே ஒரு சரியான கையெழுத்துக்குத்தான் பயந்தேன் என்றேன். ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். பிரியாணி வந்துவிட்டதால் பேச்சு அங்கேயே நின்றுபோனது. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் பாலிடெக்னிக் முடித்து, மின்சார ரயிலில் தாம்பரம் வரைக்கும் போய்வந்து, நாலு இடத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்து, கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சிறு நிறுவனத்தில் வந்து அமர்ந்தேன். தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். குளோரின் எவ்வளவு போகிறது, உப்பு எவ்வளவு நிற்கிறது என்று திரையில் காட்டுவது, அளவு தப்பினால் மணி அடிப்பது, இதெல்லாம்.

இந்த மாதிரி மென்பொருளை எந்த நிறுவனமும் முழுக்கத் தானே எழுதுவதில்லை. உலகத்தில் யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் துண்டுகளை இறக்கி, கோத்து, தன் வேலையைச் சேர்த்துக்கொள்ளும். அந்தத் துண்டுகளுக்குப் பேக்கேஜ் என்று பெயர். வெளியிலிருந்து வரும் பேக்கேஜ் எதுவும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். வாசலில் நின்று பையைச் சோதிக்கிற ஆள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் எஸ்தர் மேடம். செங்கல்பட்டுக்காரர். அவருடைய அப்பாவும் வயல் கூலிதான் என்பதை அவராகவே ஒருநாள் சொன்னார், ஏதோ மழையைப் பற்றிச் சொல்வதுபோல. குரல் உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்; துடைக்கிற நேரம் நீளமாக இருந்தால் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிடுவோம்.

அவர் வகுத்த முறை இது. பேக்கேஜை, வேறு எதனோடும் இணைக்காத ஒரு தனி இயந்திரத்தில் இறக்கவேண்டும். கூடவே வரும் கையெழுத்துக் கோப்பையும் இறக்கவேண்டும். எழுதியவரிடம் இரண்டு சாவிகள் இருக்கும். ரகசியச் சாவி அவரிடம் மட்டும். அதைக் கொண்டு அவர் பேக்கேஜுக்குக் கையெழுத்திடுகிறார். பொதுச் சாவியை உலகத்துக்குக் கொடுத்துவிடுகிறார். அதைக் கொண்டு நாம் கையெழுத்தைச் சரிபார்க்கிறோம். நடுவழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் கையெழுத்து பொருந்தாது.

சரி, அந்தப் பொதுச் சாவி அவருடையதுதான் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் மேடம் கறார். ஒவ்வொரு சாவிக்கும் கைரேகை என்று ஒன்று உண்டு. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த நீண்ட வரிசை. அதைப் பேக்கேஜ் இருக்கும் அதே இணையப் பக்கத்தில் பார்த்து ஒத்துப்பார்க்கக் கூடாது. "திருடன் பூட்டை மாத்தினா, பக்கத்துல மாட்டியிருக்கிற சாவியையும்தான் மாத்தியிருப்பான்" என்பார். எழுதியவரின் வாயிலிருந்தே கேட்கவேண்டும். ஒருவர் படிக்க, இன்னொருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு தன் கையிலிருப்பதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். முதுகு எதற்கு என்று கேட்டேன். "எழுத்து ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா கண்ணு தானா சரிபண்ணிக்கும் குமரேசன். காது அப்படிப் பண்ணாது."

அப்படி ஒரு கைரேகையைக் கேட்டு வாங்கத்தான் முதல்முறை ரகுநாதன் வீட்டுக்குப் போனேன்.

ரகுநாதன் திருச்சிப் பக்கத்துக்காரர். இந்தக் கடற்கரையில் ஆராய்ச்சி வேலைக்கு வந்து, சீக்கிரமே விருப்ப ஓய்வு பெற்று, திருவிடந்தையில் கடலைப் பார்த்த மாதிரி வீடு கட்டிக்கொண்டவர். மனைவி கௌரி பள்ளியில் கணக்கு நடத்தியவர். பிள்ளைகள் இல்லை. தண்ணீரில் வைக்கும் உணர்கருவிகள் அனுப்பும் அளவுகளை வாங்கித் திரைக்குக் கொடுக்கும் ஒரு சின்ன மென்பொருளை அவர் தனியாக எழுதிப் பராமரித்துவந்தார். எங்கெங்கோ தேசங்களில் எல்லாம் அது ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் எங்கள் அலுவலகத்திலிருந்து பைக்கில் போகிற தூரத்தில் இருந்தார் என்பது எங்களுக்குப் பெரிய அதிசயம்.

நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கௌரி, இங்க வந்து பாரு, என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறார்!" ஆனாலும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். முடிந்ததும், "என் சாவியை இப்படிக் கேட்டு வாங்கினது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிக் காபி கொடுத்தார். பிற்பாடு எஸ்தர் மேடமும் அவருக்குப் பழக்கமானார்.

அவருடைய ஒவ்வொரு புதிய பதிப்போடும் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வரும். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று எழுதிவிட்டு, கடைசியில் கடலைப் பற்றி ஒரு வரி. 'இன்று கடல் கலங்கலாக இருக்கிறது.' 'இன்று கடல் கண்ணாடி.' எங்கள் அலுவலகத்தில் அதைப் படிக்கவே சிலர் காத்திருப்பார்கள்.

பிறகு ஒரு ஐப்பசியில் அவர் கடலில் போனார்.

தினமும் காலையில் நீந்துகிறவர். செருப்பும் துண்டும் மணலில் இருந்தன, ஆள் இல்லை. குப்பத்துப் படகுகள் தேடின, கடலோரக் காவல் படகும் தேடியது. உடல் கிடைக்கவில்லை. நாங்கள் போனபோது கௌரி அம்மா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் ஆறுதல் சொன்னாலும், "இன்னும் வரலை" என்று மட்டும் சொன்னார்.

மழை நடுவில் கொஞ்ச வாரங்கள் போயின. ஒரு நாள் காலை, வழக்கம்போல் புதிதாக வந்தவற்றை இறக்கிக்கொண்டிருந்தேன். ரகுநாதனின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது.

யாரோ அதை எடுத்து நடத்துகிறார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் வந்தது: சரியான கையெழுத்து. கையெழுத்திட்டவர் ரகுநாதன். தேதி, அதற்கு முந்தைய நாள்.

மறுபடி இறக்கினேன். மறுபடி சரிபார்த்தேன். கைரேகையை, அவர் வாயால் படித்து நான் முதுகு திருப்பிக் கேட்ட அதே கைரேகையை, எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்த்தேன். எல்லாம் பொருந்தின. குறிப்பைத் திறந்தேன். அவர் நடை, அவர் நிறுத்தற்குறி, அவர் வழக்கமாக ஒரு வார்த்தையில் விடும் எழுத்துப்பிழைகூட. கடைசி வரி: 'இன்று கடல் அமைதியாக இருக்கிறது.'

ஆள் போனபிறகு வேறு யாராவது ஒட்டிவிட்டுப் போக, பேக்கேஜ் என்ன நோட்டீஸா? அந்த ரகசியச் சாவி அந்த மனிதரின் கையில் இருந்தாலொழிய இந்தக் கையெழுத்து உலகத்தில் வந்திருக்கவே முடியாது.

எஸ்தர் மேடத்தைக் கூப்பிட்டேன். நின்றபடியே படித்தார். அதற்குள் எங்கள் மேலாளர் வந்துவிட்டார். அவருக்கு அவசரம். அந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டதாகச் சொன்ன குறை ஒன்று இரண்டு நிலையங்களில் எங்களைப் படுத்திக்கொண்டிருந்தது.

"கையெழுத்து சரியாத்தானே கீது? அப்புறம் இன்னா?" என்றார்.

"ரகுநாதன் காணாமப் போயிட்டாரு சார்" என்றேன்.

"காணாமத்தானே போனாரு? பாடி கெடைக்கலையே. கடன் கிடன் இருந்து எங்கனா போய் உக்காந்துகினு வேலை செய்றாரோ இன்னாவோ."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். "சார், இந்தக் கையெழுத்து ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. அந்தச் சாவி இந்தப் பேக்கேஜைத் தொட்டிருக்குன்னு. சாவி யார் கையில இருந்துச்சுன்னு அது சொல்லவே சொல்லாது. நான் உள்ள விடமாட்டேன்."

அன்று முழுக்க நானும் அவரும் பழைய பதிப்பையும் புதியதையும் வரிக்கு வரி ஒத்துப்பார்த்தோம். குறிப்பில் சொன்ன திருத்தம் நிஜமாகவே இருந்தது, நல்ல திருத்தம். அதற்கு வெகுதூரம் தள்ளி, சோதனைக்கான கோப்புகளின் நடுவில், குறிப்பில் சொல்லாத சில வரிகள் இருந்தன. புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. தண்ணீரில் ஏதாவது ஓர் அளவு எல்லை தாண்டினால், அந்த வரிகள் விழித்துக்கொள்ளும். திரைக்கு நிஜ அளவைக் கொடுக்காமல், முன்பு எப்போதோ இருந்த நல்ல அளவைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மணி அடிக்காது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் அமைதியான எண்களைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார். குழாயில் வேறு தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

"இதை எழுதினவன் மனுஷனா?" என்றேன்.

"மனுஷன்தான். அதுதான் பேஜாரு" என்றார் மேடம்.

எங்கள் வாசலை நாங்கள் பூட்டிக்கொண்டோம். மற்றவர்கள்? எத்தனையோ இடங்களில் இயந்திரங்கள் தாமாகவே கையெழுத்தைச் சரிபார்த்து, பொருந்தினால் ஏற்றிக்கொள்ளும். எங்களுக்குத் தெரிந்த முகவரிக்கெல்லாம் எழுதினோம். "கையெழுத்து சரியாக இருக்கிறதே, நீங்கள் யார்?" என்று பதில் வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்களே பல வருடம் அந்தச் சாவியை நம்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு வழி இருந்தது. பொறுப்பானவர்கள் சாவி செய்யும்போதே ரத்துச் சான்று என்று ஒரு சின்னக் கோப்பையும் செய்து தனியே வைத்துக்கொள்வார்கள். சாவி திருடுபோனாலோ, ஆளே போய்விட்டாலோ, அதை வெளியிட்டால் போதும். அந்தச் சாவி செல்லாது என்று உலகம் முழுக்கத் தெரிந்துவிடும். ரகுநாதன் கட்டாயம் செய்திருப்பார். எங்கே வைத்திருப்பார் என்று கௌரி அம்மாவைத்தான் கேட்கவேண்டும்.

மறுநாள் மதியம் மேடமும் நானும் திருவிடந்தைக்குப் போனோம். தெருமுனையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த எல்லப்பன் எங்களை நிறுத்தினார். ரகுநாதனைத் தேடிப்போன படகு அவருடையது.

"சார் வூட்டுக்கா போறீங்க? அந்தம்மா சரியா சாப்புடறதில்ல. எம் பொண்டாட்டி கொயம்பு எடுத்துகினு போனா, 'அவரு உள்ள வேலை செய்றாரு, மெதுவா பேசு'ன்னுச்சாம். இவ பயந்துகினு ஓடியாந்துட்டா." கொஞ்சம் தயங்கி, "அந்த ரூம்புல சத்தம் கேட்டது மெய்தான்னு சொல்றா சார்" என்றார்.

கௌரி அம்மா எங்களை உட்காரவைத்தார். மெலிந்திருந்தார், ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மேடம் மெதுவாக விஷயத்தைத் தொடங்கினார். ரகுநாதன் பெயரில் புதிதாக ஒரு கையெழுத்து வந்திருக்கிறது என்றதுமே அவர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும். ரெண்டு நாளைக்கு முன்னாடி மத்தியானம் அவர் வேலை செஞ்சார். நான் சமையக்கட்டுல இருந்தேன். அவர் கம்ப்யூட்டர் ஃபேன் சுத்தற சத்தம் கேட்டுது. பெரிய வேலை செஞ்சா அது அப்படித்தான் இரையும். நான் கதவைத் திறக்கலை. வேலை நடுவுல போனா அவருக்குப் பிடிக்காது."

மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுந்து அந்த அறைக்குப் போனேன்.

ஜன்னல் முழுக்கக் கடல். மேசை தூசில்லாமல் துடைத்திருந்தது. நாற்காலி சற்றே பின்னால் தள்ளி, ஆள் இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருந்தது. மேசையில் அவருடைய லேப்டாப் திறந்தே இருந்தது. சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி வந்ததும் உடனே வேண்டியிருக்குமே என்று, போன நாளிலிருந்து கௌரி அம்மா அதை அணைக்கவே இல்லை. இன்வெர்ட்டரில் போட்டு, கண்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌரி அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அந்த லேப்டாப்புக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். அந்த மத்தியானம், வெளியிலிருந்து யாரோ இணையம் வழியாக உள்ளே வந்திருந்தார்கள். வந்து, ரகுநாதனின் சாவியை எடுத்து, ரகுநாதனின் கடவுச்சொல்லைப் போட்டு, அங்கேயே கையெழுத்திட்டிருந்தார்கள். அதாவது அந்தக் கையெழுத்து இந்த மேசையில், இந்த வெற்று நாற்காலிக்கு முன்னால் நடந்திருக்கிறது. அடுத்த அறையில் அவர் மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கதவைத் திறக்காமல், சந்தோஷமாக நின்றிருக்கிறார்.

இன்னும் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த ஆள் புதிதாக வந்தவன் இல்லை. ரகுநாதன் இருந்த காலத்திலேயே பல மாதங்களாக வந்து போயிருந்தான். அவர் தட்டச்சு செய்ததையெல்லாம் பார்த்திருக்கிறான், கடிதங்களைப் படித்திருக்கிறான், அவர் எப்படி எழுதுவார் என்று கற்றிருக்கிறான். அவர் இருக்கும்வரை எதையும் தொடவில்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபேன் இரைய ஆரம்பித்தது.

நான் எதுவும் செய்யவில்லை. என் விரல் விசைப்பலகை மேல்கூட இல்லை. நுழைவுப் பதிவில் கடைசி வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்து உட்கார்ந்தது. எழுந்து, சுவரில் இருந்த இணைய இணைப்பின் வயரைப் பிடுங்கினேன். சத்தம் மெல்ல அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே அலை மட்டும் கேட்டது.

திரும்பினால் அறை வாசலில் கௌரி அம்மா நின்றிருந்தார்.

"ஏன் புடுங்கினீங்க? அவர்தானே?"

"அவர் இல்லம்மா."

"சத்தம் கேட்டுதே. நீங்களும் கேட்டீங்கல்ல?"

கேட்டேன் என்றுதான் சொல்ல முடிந்தது. எஸ்தர் மேடம் எதுவும் விளக்கப் போகவில்லை. புதிய பதிப்பின் குறிப்பைக் கைபேசியில் எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்களே படிங்கம்மா. அவர் எழுத்தை எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

கௌரி அம்மா ஜன்னலோரம் போய் நின்று படித்தார். உதடு அசைந்தது. நடுவில் ஓர் இடத்தில் சிரிப்புகூட வந்தது. அந்த எழுத்துப்பிழை என்று நினைக்கிறேன். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். மறுபடி படித்தார்.

"இது என்னிக்கு எழுதினது?"

"முந்தாநாள்."

"முந்தாநாள் கடல் எங்க காம்பவுண்டு சுவர் வரைக்கும் வந்துது. படகு ஒண்ணும் இறங்கலை. தண்ணி செம்மண்ணா இருந்துது. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் அதைப் பாக்கறதைத் தவிர எனக்கு வேற என்ன வேலை?" கைபேசியை மேடத்திடம் திருப்பிக் கொடுத்தார். "அவர் ஒரு தடவை எட்டிப் பாக்காம இந்த வரியை எழுதமாட்டார். இதை எழுதினவன் கடலைப் பாக்கவே இல்லை."

பிறகு அவர் அழுதார். சத்தம் போட்டு, நின்றபடியே. ரகுநாதன் காணாமல் போன நாளிலிருந்து அதுவரை அவர் அழுது யாரும் பார்த்ததில்லை என்று எல்லப்பன் மனைவி பிற்பாடு சொன்னாள். மேடம் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இன்னா பண்றதும்மா, இன்னா பண்றது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அலுவலகத்தில் ஒருநாளும் நான் கேட்காத குரல் அது.

ரத்துச் சான்றைப் பற்றிக் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அவரே பீரோவைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்துவந்தார். "நான் இல்லாம போயிட்டா இதை எஸ்தர்கிட்ட குடுன்னு சொல்லியிருந்தார். அன்னிக்கே குடுத்திருக்கணும். குடுத்தா..." பென் டிரைவை மேடத்தின் கையில் வைத்தார்.

என்னுடைய லேப்டாப்பில், என் கைபேசி இணைப்பில் அதைத் திறந்தேன். என்ன நடக்கும் என்று சொன்னேன். இதைச் செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாது; அவர் வந்தாலும் இந்தச் சாவி வேலை செய்யாது என்றேன்.

"எந்த பட்டன்?" என்று கேட்டார்.

காட்டினேன். அவர் அழுத்தினார். சில நொடிகளில் முடிந்தது. சரிபார்க்கிற கட்டளையை மறுபடி ஓட்டினேன். வந்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன்: எச்சரிக்கை. இந்தச் சாவியை அதன் உரிமையாளரே ரத்து செய்துவிட்டார்.

"உரிமையாளரேவா?"

"ஆமாம்மா. அந்தச் சான்றைச் செஞ்சு வெச்சது அவர்தானே."



சைபர் போலீஸ் அந்த லேப்டாப்பை எடுத்துப் போனார்கள். உள்ளே வந்தவன் யார், எந்த ஊர் என்பது இன்றுவரை தெரியாது. சில வாரம் கழித்து அதே சாவியால் கையெழுத்திட்ட இன்னொரு பேக்கேஜ் வந்தது. செல்லாது என்று எல்லா இடத்திலும் திருப்பிவிட்டார்கள். சாவியின் நகல் இன்னும் அவனிடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குறிப்பின் கடைசியில் கடலைப் பற்றி வரி எதுவும் இல்லை. எஸ்தர் மேடமும் நானும் அதைக் கவனித்தோம். அந்த வீட்டில் நாங்கள் பேசியது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். மேடம் தன் மேசையில் இருந்த கைபேசியை எடுத்து அணைத்துவைத்தார்.

ரத்து செய்த மறுநாள் நான் மட்டும் திருவிடந்தைக்குப் போயிருந்தேன். கௌரி அம்மா தன் கைபேசியில் ரகுநாதனின் மின்னஞ்சலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு குளிர்தேசத்திலிருந்து, நாங்கள் யாரும் கேள்விப்படாத ஒருவர் எழுதியிருந்தார். 'உங்கள் சாவி ரத்தாகியிருப்பதைப் பார்த்தேன். எங்கள் ஊர்த் தண்ணீரை உங்கள் மென்பொருள்தான் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் நலமா?'

"பதில் போடணும்ல?" என்றார்.

"நான் எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம், எனக்கே இங்கிலீஷ் வரும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் எழுதினார். தான் அவருடைய மனைவி என்று முதல் வரி. அவர் காணவில்லை என்று இரண்டாவது வரி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'காணவில்லை' என்பதை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதி அனுப்பினார்.